பெர்ஃப்யூஷன் படிக்க நான்கு வழிகள்: டெல்டா பிள்ளைகளுக்கு எது ஒத்துவரும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து சம்பா நாற்றங்கால் போடும் காலம் வரைக்கும் எனக்குப் போன் ஓயாது. ஊர்க்காரர்கள், ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தவர்கள், அவர்களுக்கும் தெரிந்தவர்கள். இந்த வருடம் வந்த கேள்விகளில் மூன்று மனதிலேயே நிற்கின்றன.

முதலாவது, வலங்கைமானிலிருந்து ஒரு அப்பா. மகள் உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். நீட் எழுதினாள், எம்.பி.பி.எஸ். கிடைக்கிற அளவுக்கு வரவில்லை. "பாராமெடிக்கல் லிஸ்டுல பெர்ஃப்யூஷன்னு ஒண்ணு இருக்கும்மா. அது நர்ஸ் மாதிரியா, டெக்னீஷியன் மாதிரியா?" என்று கேட்டார். இரண்டாவது, கும்பகோணத்தில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்த தம்பி. "இனிமே இதுக்குள்ள வர முடியுமாக்கா, இல்ல மறுபடி முதல்லேர்ந்தா?" மூன்றாமவர் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் இதய அறுவை தியேட்டரில் இருப்பவர். டெக்னீஷியனாகச் சேர்ந்து, கூட நின்று பழகி, ஐந்து வருடமாக இதய நுரையீரல் இயந்திரத்தை அவரே ஓட்டுகிறார். கையில் இருப்பது அந்த மருத்துவமனை கொடுத்த ஒரு சான்றிதழ் மட்டும். "இதை வச்சுக்கிட்டு இன்னும் எவ்வளவு நாள் ஓட்ட முடியும் மேடம்?"

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண். பதினான்கு வருடமாக இந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று பேருக்கும் தனித்தனியாகப் போனில் சொன்னதை இங்கே கோத்து எழுதுகிறேன்.

முதலில், வேலை என்ன?

இதயத்துக்குள் அறுவை செய்ய வேண்டுமென்றால் பெரும்பாலும் அதை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் யார் அனுப்புவது? உடம்பிலிருந்து திரும்பி வருகிற ரத்தத்தை வலது மேலறையிலேயே குழாய் போட்டு வெளியே எடுத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டர் வழியாக விட்டு, வேண்டிய சூட்டுக்குக் கொண்டுவந்து, மகாதமனிக்குள் திருப்பி அனுப்புகிறது இதய நுரையீரல் இயந்திரம். தியேட்டரில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை, 'பம்ப்' என்றால் முடிந்தது. பம்ப்பை ஓட்டுகிறவர் பெர்ஃப்யூஷனிஸ்ட்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது எனக்கு எளிது. மேட்டூரில் திறந்த தண்ணீர் தலைமடையில் நுரைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து யாரும் திருப்திப்பட்டுவிட மாட்டோம். வேதாரண்யம் பக்கம் வயலுக்கு ஏறியதா என்றுதான் கேட்போம். ரத்தமும் அப்படித்தான். திரையில் அழுத்தம் நன்றாகக் காட்டிக்கொண்டிருக்கும், கடைமடைக்குப் போகிறதா என்பதைச் சிறுநீர் வந்து சேரும் பையும் ரத்த வாயுப் பரிசோதனையும்தான் சொல்லும். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 2.2 முதல் 2.4 லிட்டர் என்று கணக்குப் போட்டு ஓட்டுகிறோம். குழாய்க்குள் ரத்தம் உறையாமலிருக்க எடையில் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெப்பாரின் போடுவார்கள். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஏ.சி.டி. 480 விநாடியைத் தாண்டியது என்று நான் சத்தமாகச் சொன்ன பிறகுதான் பம்ப்பில் ஏறுவது. தேக்கப் பாத்திரத்தில் ரத்தம் வற்றினால் சில விநாடிகளில் காற்று உள்ளே போய்விடும். மின்சாரம் போய் பேட்டரியும் கைவிட்டால் கைப்பிடியை மாட்டிக் கையால் சுற்ற வேண்டும். என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை சுற்றியிருக்கிறேன். நான்கு நிமிடம்தான் இருக்கும். அதற்காக அதற்கு முன்பு எத்தனை முறை வெறும் தண்ணீர் ஊற்றிச் சுற்றிப் பழகினேன் என்பதுதான் அன்று என்னோடு நின்றது.

வலங்கைமான் அப்பாவின் கேள்விக்கு இதுதான் பதில். இது நர்ஸ் வேலை இல்லை. கார்டியாக் டெக்னாலஜி என்று பட்டியலில் பக்கத்திலேயே இருக்கும் படிப்பும் வேறு. அவர்கள் இ.சி.ஜி., எக்கோ, கேத் லேப் (ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி இதயத்தைப் பார்க்கும் அறை) பக்கம் போவார்கள். பெயர் ஒட்டியிருப்பதால் விண்ணப்பத்தில் மாற்றிப் போட்டு, இரண்டாம் வருடத்தில் தெரிந்துகொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பெண் பிள்ளைக்குச் சரிப்படுமா என்றும் கேட்டார். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இந்த இயந்திரத்தை வைத்து ஒரு 18 வயதுப் பெண்ணின் இதயத் துளையை அடைத்தார். இயந்திரத்தின் உதவியோடு இதயத்தைத் திறந்து செய்த அறுவையில் முதல் வெற்றி அது. அந்த இயந்திரத்தை அவரோடு சேர்ந்து வருடக்கணக்கில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் அவர் மனைவி மேரி. எங்கள் பிரிவிலும் பாதிப்பேர் பெண்கள்.

எதை வைத்து நிறுத்துப் பார்ப்பது?

வழிகளுக்குள் போவதற்கு முன் ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்வோம்.

*சட்டப் பதிவு.* 2021-ல் தேசிய துணைநிலை மற்றும் உடல்நலப் பணியாளர் ஆணையச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் பெர்ஃப்யூஷனிஸ்ட் பெயர் இருக்கிறது. அதுவரை மருத்துவருக்கும் செவிலியருக்கும் இருந்த பதிவேடு எங்களுக்கு இல்லை. இந்தச் சட்டப்படி துணைநிலைப் பணியாளர் என்றாலே குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு வருடப் படிப்பு வேண்டும். உடல்நலப் பணியாளர் என்றால் 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு வருடம். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

*கையில் எத்தனை கேஸ்.* படிப்பு முடிக்கும்போது நீங்கள் பார்த்தது எத்தனை, உங்கள் கையால் ஓட்டியது எத்தனை?

*செலவு.* கட்டணம் மட்டுமில்லை. விடுதி, வாடகை, சம்பளமில்லாத மாதங்கள், காகித வேலை எல்லாம் சேர்ந்தது.

*தூரம்.* ஊரிலிருந்து படிக்கப் போகும் தூரம் ஒன்று. வேலை கிடைத்த பிறகு வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு உள்ள தூரம் இன்னொன்று. இரண்டாவதைப் பெற்றோர் யோசிப்பதே இல்லை.

*அந்தக் காகிதம் எந்த எல்லை வரை செல்லும்.* தமிழ்நாட்டுக்குள்ளா, இந்தியா முழுக்கவா, வளைகுடாவுக்கா, அதையும் தாண்டியா?

ஐந்தில் எது பெரிது என்றால் இரண்டாவதுதான் என்பேன். அது என் சொந்தக் கருத்து மட்டுமில்லை. பெர்ஃப்யூஷனிஸ்ட்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க வாரியம் அதைக் கொடுத்துவிட்டு அதோடு விட்டுவிடுவதில்லை. அதைத் தக்கவைக்க வருடத்துக்கு 40 கேஸ் காட்டச் சொல்கிறது. ஐரோப்பிய வாரியம் பயிற்சிக் காலத்திலேயே 100 கேஸ் கேட்கிறது. பரீட்சை நடத்துகிறவர்களே பரீட்சையைவிடக் கையின் எண்ணிக்கையைத்தான் நம்புகிறார்கள்.

இதில் இந்தியாவுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இங்கே பைபாஸ் அறுவையில் பெரும்பகுதி இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே, பம்ப் இல்லாமல் நடக்கிறது. அன்று பெர்ஃப்யூஷனிஸ்ட் இயந்திரத்தைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பார், ஓட்ட மாட்டார். ஆகவே ஒரு மருத்துவமனை "மாதத்துக்கு இத்தனை இதய ஆபரேஷன் செய்கிறோம்" என்று சொன்னால் அந்த எண் உங்களுக்கு உதவாது. வால்வு மாற்றியது எத்தனை, குழந்தைகளின் பிறவிக் குறைபாட்டு அறுவை எத்தனை என்று கேளுங்கள். பம்ப் ஓடுவது அங்கேதான்.

வழி 1: பிளஸ் டூ முடித்ததும் நான்கு வருடப் பட்டம்

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இதன் பெயர் பி.எஸ்சி. கார்டியோ பல்மனரி பெர்ஃப்யூஷன் கேர் டெக்னாலஜி. மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண் வைத்துக் கலந்தாய்வு நடத்துகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் பி.எஸ்சி. பெர்ஃப்யூஷன் உண்டு, ஆனால் அங்கே நீட் மதிப்பெண் பார்ப்பார்கள். வலங்கைமான் பெண்ணைப் போல நீட் எழுதி எம்.பி.பி.எஸ்.ஸுக்கு எட்டாதவர்களுக்கு அந்த மதிப்பெண் வீணாகவில்லை என்பதே ஒரு ஆறுதல். மயிலாடுதுறை, நாகை, காரைக்கால் பக்கத்தவர்களுக்குச் சென்னையைவிடப் புதுச்சேரி கைக்கெட்டும் தூரம்.

சட்ட அளவுகோலில் இந்த வழிக்குக் குறையே கிடையாது. நான்கு வருடம், பல்கலைக்கழகப் பட்டம். வெளிநாட்டு உரிமங்களுக்கு விண்ணப்பிக்கும்போதும் 'பட்டம் எங்கே' என்ற கேள்வி எழாது.

செலவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அரசுக் கல்லூரியில் கட்டணம் ஆயிரங்களில் முடியும், தனியாரில் லட்சங்களுக்குப் போகும். அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது நான்காவது வருடம். இன்டர்ன்ஷிப்பில் வேலை முழு வேலை, உதவித்தொகை பல இடங்களில் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது, சில இடங்களில் அதுவும் இல்லை. மூன்று வருடத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கடன் வாங்கிய குடும்பம் அங்கே திணறும். எங்கள் வீட்டில் அந்த வருடம் குறுவைப் பணம் முழுக்க என் சென்னை வாடகைக்குப் போனது. அப்பா அதை என்னிடம் சொல்லவே இல்லை. தங்கச்சி கல்யாணத்தின்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொரு மறைந்த செலவு கல்லூரியிலேயே இருக்கிறது. சில தனியார் கல்லூரிகளில் படிப்பு உண்டு, இதய அறுவைப் பிரிவு சுறுசுறுப்பாக இருக்காது. மாணவர்களை வேறு மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள். அங்கே ஏற்கெனவே அவர்களிடம் பயிற்சி பெறுகிறவர்கள் இருப்பார்கள். நம் பிள்ளை மூன்றாவது வரிசையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வரும். பட்டம் ஒன்றுதான். ஆனால் இருநூறு கேஸ் தொட்ட கையும் இருபது தொட்ட கையும் ஒரே கையாகாது.

யாருக்கு ஏற்றது: பிளஸ் டூ இப்போதுதான் முடித்தவர்களுக்கு, குடும்பம் நான்கு வருடம் தாங்கும் என்றால், இதைவிட நேரான வழி இல்லை. யாருக்கு வேண்டாம்: பதினேழு வயதில் ரத்தத்தைக் கண்டால் மயங்குகிற பிள்ளையை, 'மருத்துவப் படிப்பு' என்ற பெயருக்காகத் தள்ளிவிடாதீர்கள்.

வழி 2: ஏதேனும் அறிவியல் பட்டம், பிறகு முதுநிலை டிப்ளமோ

கும்பகோணத் தம்பியின் வழி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் கிளினிக்கல் பெர்ஃப்யூஷன் முதுநிலை டிப்ளமோ இரண்டு வருடம். இந்தியாவிலேயே செய்த சித்ரா இதய வால்வு அங்கிருந்து வந்ததுதான், 1990 டிசம்பரில் முதல்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். இதயத்துக்கென்றும் மூளைக்கென்றும் அமைந்த மருத்துவமனை என்பதால் பம்ப் ஓடாத வாரம் இருக்காது. என் அளவுகோலில் இரண்டாவதுக்கு இதைவிட நல்ல இடம் தென்னாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியதுதான்.

கணக்குப் போட்டால் மூன்றும் இரண்டும் ஐந்து வருடம். வழி 1-ஐவிட ஒரு வருடம் கூடுதல். ஆனால் முதல் மூன்று வருடம் வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டு, பக்கத்துக் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய் வந்த வருடங்கள். நான்கு வருடம் வெளியூரில் வைத்துப் படிக்கவைக்க முடியாத குடும்பத்துக்கு இது உண்மையிலேயே மலிவு. இருபது வயதில் வருகிற பிள்ளைக்கு எதற்கு வந்தோம் என்ற தெளிவும் இருக்கும். நான் பயிற்சி கொடுத்தவர்களில் பொறுப்பாகக் குறிப்பெடுத்து, கேள்வி கேட்டு வளர்ந்தவர்கள் அதிகமும் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

மறைந்த செலவு, காத்திருப்பு. இடங்கள் மிகக் குறைவு, நுழைவுத் தேர்வு உண்டு, ஒரு வருடம் தவறினால் இன்னொரு வருடம் போகும். அந்த வருடத்தைச் சும்மா கழிக்காமல் ஒரு தியேட்டரிலோ ரத்த வங்கியிலோ வேலைக்குச் சேர்வது நல்லது. மொழி பற்றிப் பயப்பட வேண்டாம், தியேட்டரில் பேசுகிற மலையாளம் ஆறு மாதத்தில் காதில் ஏறிவிடும்.

எம்.எஸ்சி. பெர்ஃப்யூஷனும் சில இடங்களில் இருக்கிறது. அது பெரும்பாலும் ஏற்கெனவே இந்தத் துறையில் பட்டம் பெற்று, கற்பிக்கவோ பிரிவின் தலைமைக்கோ போக நினைப்பவர்களுக்கு. முதல் வேலைக்கு அது தேவைப்படாது.

வழி 3: மருத்துவமனையிலேயே சேர்ந்து கற்றுக்கொள்வது

இதை இழிவாகப் பேச எனக்கு நாக்கு வராது. எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்தவர் இப்படி வந்தவர்தான். படிப்பே இல்லாத காலத்தில் மயக்கவியல் டெக்னீஷியனாகச் சேர்ந்து, இயந்திரத்தைப் பிரித்துக் கழுவி, மறுபடி பூட்டி, அப்படியே தொழிலைக் கற்றவர். குழாயில் ஓடுகிற ரத்தத்தின் நிறத்தைப் பார்த்தே ஆக்சிஜனேட்டர் சோர்கிறது என்று சொல்வார். கருவி சொல்வதற்கு முன்பே சொல்வார்.

அவர் காலத்துக்கு அது சரி. இன்று புதிதாக ஒரு பிள்ளையை ஆறு மாத, ஒரு வருடச் சான்றிதழ்ப் பயிற்சிக்கு அனுப்புவது சரியில்லை. மேலே சொன்ன 2,000 மணி நேரம், இரண்டு வருடம் என்ற வரம்புக்குள் அது வராது. மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டிய நாளில் கையில் காட்ட எதுவும் இருக்காது. "கட்டணம் குறைவு, உடனே வேலை, சாப்பாடு தங்குமிடம் இலவசம்" என்று நம் ஊர்ப் பக்கம் துண்டுச் சீட்டு கொடுக்கிறார்கள். அந்த இலவசத்துக்கான விலையைப் பத்து வருடம் கழித்து, சம்பளம் ஏறாமல் நிற்கும்போது கொடுக்க வேண்டியிருக்கும். கேஸ் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருந்தாலும் அது அந்த ஒரு மருத்துவமனையின் சுவருக்குள் மட்டும் செல்லும் நாணயம்.

ஏற்கெனவே இந்த வழியில் வந்துவிட்டவர்களின் நிலை வேறு. சட்டம் வருவதற்கு முன்பே இந்தப் பணியில் இருந்தவர்கள் பதிவு செய்துகொள்ளச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வழி 4: வெளிநாட்டு வாரியச் சான்றிதழ்

எல்லோரும் முதலில் கேட்பதும் இதைத்தான், பாதிப்பேர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதும் இதைத்தான்.

அமெரிக்காவில் இதயக் குழாய்ப் பெர்ஃப்யூஷன் வாரியம் 1975-ல் தொடங்கியது. அதன் பட்டயம் சி.சி.பி. இரண்டு தேர்வுகள். ஒன்று அடிப்படை அறிவியல், மற்றது மருத்துவப் பயன்பாடு. இங்கே பி.எஸ்சி. முடித்துவிட்டு நேராகப் போய்த் தேர்வெழுத முடியும் என்று நினைக்கிறார்கள். முடியாது. அவர்கள் அங்கீகரித்த படிப்பை முடித்திருக்க வேண்டும். அதாவது மறுபடியும் அங்கே படிக்க வேண்டும், அதற்குப் பல பத்து லட்சம் ரூபாய் ஆகும், விசா தனி. நிலத்தை அடமானம் வைத்து, பி.எஸ்சி. முடித்த கையோடு போகச் சொல்லும் முகவர்களிடம் கவனமாக இருங்கள். இங்கே மூன்று வருடம் நன்றாக ஓட்டி, சேமித்து, கல்வித்தொகைக்கு விண்ணப்பித்துப் போனவர்கள் நன்றாக இருக்கிறார்கள். ஐரோப்பாவில் தனி வாரியம், பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 'கல்லூரி' என்ற பெயரில் தனித்தனித் தொழில் அமைப்புகள். ஒரு நாட்டுச் சான்றிதழ் அடுத்த நாட்டில் தானாகச் செல்லாது.

வளைகுடா வேறு கதை, நம் பகுதிக்கு அதுதான் நடைமுறை. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினத்தில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருப்பார். புதிதாக ஒரு பட்டம் வாங்கச் சொல்வதில்லை. உங்கள் பட்டம், அனுபவச் சான்று எல்லாவற்றையும், அவற்றைக் கொடுத்த இடத்திலேயே கேட்டு, டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் சரிபார்க்கும். பிறகு பிராமெட்ரிக் மையத்தில் கணினித் தேர்வு. சவூதிக்கு அவர்களுடைய உடல்நலச் சிறப்புத்துறை ஆணையம், துபாய்க்கு அதன் சுகாதார ஆணையம். பட்டத்தோடு வேலை அனுபவமும் கேட்பார்கள்.

இங்கே மறைந்த செலவு காகிதத்தில் இருக்கிறது. பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலுக்குச் சென்னைக்கு இரண்டு தடவை, சான்றொப்பத்துக்கு இரண்டு தடவை, சரிபார்ப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஒரு பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் எல்லாம் முதலிலிருந்து. ஆதாரில் 'கலைச்செல்வி', பட்டத்தில் முதலெழுத்து பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால் என்று இருக்கும் நம் வழக்கத்துக்கு இது பெரிய தலைவலி. படிக்கச் சேரும் முன்பே எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

ஒரே பார்வையில்

| | 4 வருடப் பட்டம் | பட்டம் + 2 வருட டிப்ளமோ | மருத்துவமனைச் சான்றிதழ் | வெளிநாட்டு வாரியம் |
|---|---|---|---|---|
| காலம் | 4 | 3 + 2, சிலருக்குக் காத்திருப்பும் | 6 மாதம் முதல் 1 வருடம் | மேலே உள்ளவற்றுக்குப் பிறகு |
| சட்டப் பதிவு | நேரானது | அங்கீகாரம் பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும் | புதியவர்களுக்கு இல்லை | இந்தியப் பதிவுக்கு மாற்று அல்ல |
| கையில் கேஸ் | கல்லூரியைப் பொறுத்து | பெரும்பாலும் நல்ல எண்ணிக்கை | நிறைய இருக்கலாம், எழுத்தில் இருக்காது | அமெரிக்க, ஐரோப்பிய வாரியங்கள் எண்ணிக் கேட்கும் |
| மறைந்த செலவு | இன்டர்ன்ஷிப் வருடம் | காத்திருக்கும் வருடம் | முடங்கிப்போகும் எதிர்காலம் | காகிதம், பயணம், பெயர்த் திருத்தம் |
| செல்லும் எல்லை | இந்தியா, வளைகுடா | இந்தியா, வளைகுடா | அந்த மருத்துவமனை | அந்தந்த நாடு |

எந்த வழியில் போனாலும் உள்ள செலவுகள்

முதலாவது, வீடு. இரவு இரண்டு மணிக்கு மகாதமனி கிழிந்த நோயாளி வந்தால் அரை மணி நேரத்துக்குள் நான் தியேட்டரில் இருக்க வேண்டும். மன்னார்குடியில் வீடு, தஞ்சாவூரில் வேலை என்று தினமும் போய்வருவது இந்தத் தொழிலில் நடக்காது. டெல்டாவுக்குள்ளேயே வேலை வேண்டுமென்றால் தஞ்சாவூர், திருச்சி இரண்டில் ஒன்றில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்க வேண்டும். எக்மோ (இதயத்துக்கோ நுரையீரலுக்கோ நாள்கணக்கில் துணை நிற்கும் இயந்திரம்) போட்ட நோயாளி இருந்தால் நாள்கணக்கில் முறை வைத்து உட்கார வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகாத வருடங்கள் எனக்கு ஏழு.

இரண்டாவது, அசல் சான்றிதழ். என் முதல் வேலையில் இரண்டு வருட ஒப்பந்தம் என்று சொல்லிப் பட்டச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எட்டாவது மாதம் குழந்தைகள் இதய அறுவை அதிகம் நடக்கும் இடத்திலிருந்து அழைப்பு வந்தது, போக முடியவில்லை. பச்சிளங்குழந்தைக்குப் பம்ப் ஓட்டுவதை நான் மூன்று வருடம் தாமதமாகத்தான் கற்றேன். அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. நகல் கொடுங்கள், அசலைக் காட்டுங்கள், கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

மூன்றாவது, ஆள் பற்றாக்குறை. அமெரிக்கப் பெர்ஃப்யூஷன் சங்கத்தின் தரநெறியில் ஒரு நல்ல விதி உண்டு. எத்தனை தியேட்டரில் பம்ப் ஓடுகிறதோ, அதைவிட ஒரு பெர்ஃப்யூஷனிஸ்ட் கூடுதலாக இருக்க வேண்டும். இங்கே பல இடங்களில் ஒரே ஆள்தான். காய்ச்சல் வந்தாலும் அவர்தான், வீட்டில் துக்கம் நடந்தாலும் அவர்தான். படிக்கப் போகும் இடத்திலும் வேலைக்குச் சேரும் இடத்திலும் இதைத் தயங்காமல் கேளுங்கள்: தியேட்டர் எத்தனை, பெர்ஃப்யூஷனிஸ்ட் எத்தனை? இரவில் யார்? போன வருடம் முடித்த மாணவரின் லாக்புக்கை, அதாவது கேஸ்களை எழுதிவைத்த குறிப்பேட்டை, பார்க்கலாமா? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிக்கிற இடத்தில் சேர வேண்டாம்.

மூன்று பேருக்கும்

வலங்கைமான் அப்பாவிடம் வழி 1 என்று சொன்னேன். ஜிப்மருக்கும் அரசுக் கலந்தாய்வுக்கும் இரண்டுக்கும் விண்ணப்பிக்கச் சொன்னேன். கிடைக்காவிட்டால் தெரியாத தனியார் கல்லூரிக்கு லட்சங்களைக் கொட்டாமல், பக்கத்தில் விலங்கியலோ உயிர்வேதியியலோ சேர்த்துவிட்டு வழி 2-க்கு வரலாம் என்றேன். "அப்ப ரெண்டு கதவு இருக்குன்னு சொல்றீங்க" என்றார். ஆமாம், இரண்டு கதவு.

கும்பகோணத் தம்பிக்கு முதல்லேர்ந்து வேண்டாம். நுழைவுத் தேர்வுக்கு உடலியங்கியலை மறுபடி புரட்டு, தேதி வருவதற்குள் தஞ்சாவூரில் ஒரு தியேட்டரில் சேர்ந்துகொள், கடைசி வகுப்புப் பையனைப் போல எல்லாவற்றையும் கேள் என்றேன்.

திருச்சிக்காரரிடம்தான் நீண்ட நேரம் பேசினேன். அவர் செய்தது தவறு என்று யாரும் சொல்ல முடியாது, அந்த ஐந்து வருடத்தில் அவர் கையில் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்த எண்ணிக்கை அவரிடமே இல்லை. ஆகவே பதிவுக்கான ஆதாரத்தைத் திரட்டச் சொன்னேன். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், இந்தப் பணியைத்தான் செய்கிறார் என்று அறுவை மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம். தியேட்டர் பதிவேட்டிலிருந்து பழைய கேஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து எழுத வேண்டும். தேதி, நோயாளியின் மருத்துவமனை எண், என்ன அறுவை, எடை, பம்ப் நேரம், கிளாம்ப் நேரம் (மகாதமனியைக் கவ்வி அடைத்து வைத்திருந்த நேரம்), குறைந்தபட்ச வெப்பநிலை, யார் உடனிருந்தது. நோயாளியின் பெயர் எழுதக் கூடாது. அறிவியல் பட்டம் இருந்தால் வழி 2-க்கும் இப்போதே விண்ணப்பிக்கலாம், முப்பது வயது ஒன்றும் அதிகமில்லை.

அன்றிரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கோடு போட்ட நீள நோட்டு, முதல் பக்கம். பேனாவில் எட்டுப் பத்தி பிரித்து, 2019 என்று மேலே எழுதி, கீழே முதல் வரி நிரப்பியிருந்தார்: மைட்ரல் வால்வு, 48 கிலோ, பம்ப் நேரம் 96 நிமிடம்.